மாதேஸ்வரி பேரில் ஒரு ஜெட் போட்

"சாவிய என் கைல குடுங்க."

கேட்டே விட்டாள் மாதேஸ்வரி. எதை மட்டும் வாய் திறந்து கேட்கக் கூடாது என்று அப்பா ராமப்பன் படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டி வந்தாரோ, அதையேதான் கேட்டாள். மொபெட்டில் வரும்போதும் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் திரும்பாமல், லாரி இரைச்சலில் பாதிப் பேச்சு பறந்துபோக, "சொன்ன எடத்துல கையெழுத்துப் போடு. போட்டோவுக்கு நில்லு. ஸ்வீட்டு குடுத்தா வாங்கிக்கோ. சாவிய மட்டும் கேட்றாத கண்ணு. அது அவங்களுது" என்றார். அவள் மடியில் வைத்திருந்த பூசணிக்காய் உருளாமல் இருக்க இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஷோரூம் மேனேஜர் நவீன்குமார், குங்குமம் தடவிய தட்டில் சாவியை வைத்து தோப்புக்காரர் மகன் ஹரீஷ்குமாரிடம் நீட்டிக்கொண்டிருந்தான். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்படி ஆரஞ்சு நிறத்தில் தக்கை கோத்த சாவி. அதோடு சேர்ந்து சுருள் சுருளாய் ஒரு சிவப்புக் கயிறு. ஓட்டுகிறவர் உடம்பில் அந்தக் கயிற்றை மாட்டிக்கொண்டால்தான் இன்ஜின் ஓடும், ஆள் தண்ணீரில் விழுந்தால் அதுவே இன்ஜினை அணைத்துவிடும். தட்டு பாதி வழியில் நின்றது. ஹரீஷின் கை ஒரு பக்கம், அவள் கை ஒரு பக்கம்.

முதலில் சிரித்தது ஹரீஷ்தான். நல்ல மனசோடு சிரிக்கிற மாதிரியே சிரிப்பான் அவன். "அட, போட்டோவுக்கா? குடு நவீன், குடு. ஓனரம்மா கேக்கறாங்க இல்ல."

நவீனுக்கு உயிர் வந்தது. தட்டைச் சட்டென்று ஹரீஷ் பக்கம் சாய்த்துவிட்டு, சுவர் ஓரம் சாத்தியிருந்த தெர்மாகோல் சாவியை எடுத்து வந்தான். தங்கக் காகிதம் ஒட்டி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை உயரத்துக்கு ஒரு சாவி. டெலிவரி எடுக்கிறவர்கள் கையில் கொடுத்து போட்டோ பிடிப்பதற்காக வைத்திருப்பது. அதை அவள் இரண்டு கையிலும் வைத்தான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராமப்பனும் சிரித்தார். அப்பா ஏன் சிரித்தார் என்று மாதேஸ்வரிக்குத் தெரியும். எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் இருப்பது அவருக்கு வராது. கனமே இல்லாத அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தது. நவீன் அவள் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுவிட்டு, மொபைலை நீட்டி, "மேடம், ஸ்மைல்" என்றான்.

போட் பக்கத்திலேயே நின்றது. மஞ்சளும் வெள்ளையுமாக, நாலு பேர் உட்காருகிற சின்ன ஜெட் போட். டிரெய்லர் மேல் ஏற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மூக்கில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். ஓசூரைத் தாண்டி கிருஷ்ணகிரி போகிற ரோட்டில், முன்பு டிராக்டர் விற்ற கொட்டகை அது. ஆறேழு போட் நிறுத்துகிற இடம். இப்போது இது ஒன்றுதான். மற்ற இடங்களில் வெள்ளை டைல்ஸ் மேல் டயர்த் தடம் மட்டும் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய இன்ஜின் கப்பலில் கிடக்கிறது என்றார்கள், கப்பலே சுற்றிக்கொண்டு வருகிறது என்றார்கள், ஏதோ ஒரு எலக்ட்ரானிக் பாகம் கிடைக்காமல் கம்பெனியே லைனை நிறுத்திவிட்டது என்றும் சொன்னார்கள். எது நிஜமோ, போட் இல்லை என்பது நிஜம். இருக்கிற ஒன்றுக்குக் கம்பெனி விலைக்கு மேல் நவீன் கேட்பதுதான் விலை. அதற்குப் பேர் 'எக்ஸ்ட்ரா'. அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவன் கொஞ்சம் குனிந்துகொள்வான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், மாங்காய் இறக்கி முடித்த சமயம், ஹரீஷ் அவர்கள் வீட்டுக்கு வந்தான். வீடு என்றால் அவர்கள் வீடு இல்லை. ஹரீஷின் அப்பாவுடைய மாந்தோப்பில், பம்ப்செட்டுக்குப் பக்கத்தில், சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை. ராமப்பன் தோப்புக் காவல். கல்யாணம் ஆன வருஷம் மனைவி வெங்கடம்மாவை நாட்றாம்பாளையத்திலிருந்து கூட்டி வந்து அதில் குடிவைத்தவர், இன்னும் அதில்தான் இருக்கிறார். இத்தனை வருஷத்தில் பெரிய வீட்டு ஆட்கள் யாரும் அந்த வாசல்படியைத் தாண்டியதில்லை. காரை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள், அப்பா ஓடுவார். அன்றைக்கு ஹரீஷ் காரை விட்டு இறங்கினான். செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்து, அவளுடைய படிப்பு நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி குடுங்க" என்றான்.

வெங்கடம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மகளைச் சமையல் பக்கம் இழுத்து, காசைக் கையில் திணித்து, "ஓடு, கடைல சீல் போட்ட பாட்டிலு வாங்கியா" என்றாள்.

மாதேஸ்வரி ஓடினாள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, ஓசூர் சிப்காட்டில் ஒரு கியர் கம்பெனியில் காண்ட்ராக்டில் குவாலிட்டி பார்க்கிறவள், காலேஜில் மேடை ஏறிச் சமத்துவம் பேசிக் கோப்பை வாங்கியவள், துப்பட்டாவைக் கூடச் சரி செய்யாமல் பெட்டிக்கடை வரைக்கும் ஓடினாள். வீட்டில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. அதை நாலு சொம்பு மோந்து குடித்துத்தான் அவள் இருபத்திமூன்று வயசு வரை வளர்ந்தாள். அந்தத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்திருக்கலாம், குடிக்கிறானா மாட்டானா என்றாவது தெரிந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று பேருக்கும் பயம். பாட்டிலை வாங்கி வந்து நீட்டினாள். ஹரீஷ் மூடியைத் திருகினான். சீல் உடைகிற சத்தம் நன்றாகக் கேட்டது. குடித்தான்.

மறுநாளிலிருந்து அப்பா டீக்கடையில், ரேஷன் கடையில், காலனியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "சின்னவரு நம்ம வூட்ல ஒக்காந்து தண்ணி குடிச்சாரு." பாட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் ஹரீஷ் விஷயத்தைச் சொன்னான். கர்நாடகா பக்கம் அணைத் தண்ணீர் ஓரமாக ரிசார்ட் கட்டியிருக்கிறான். போட் வேண்டும். சாதிச் சான்றிதழ் உள்ள பொம்பளைப் பட்டதாரி தொழில் தொடங்கினால் பாங்கில் கடன், அதில் ஒரு பங்கு மானியம், வட்டியும் கம்மி. "பேரு உன்னோடது, வேலை எல்லாம் நாங்க பாத்துக்கறோம். தவணையும் நாங்க. உனக்கு மாசம் ஒரு தொகை. நீ கையெழுத்து போட்டா போதும், மேடம்."

மேடம் என்றான். அவளைப் பாப்பா என்றும், ஏய் என்றும், ராமப்பன் பொண்ணு என்றும் கூப்பிட்ட வீடு அது. அவளுக்குச் சட்டென்று முதுகு நிமிர்ந்தது. அதுதான் இன்றைக்கு வரைக்கும் அவளைத் தூங்கவிடாமல் அறுக்கிறது. எல்லாம் புரிந்தது அவளுக்கு. புரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் ஏமாந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இது பினாமி, இது என் சான்றிதழைத் திருடுவது, நிஜமாகவே தொழில் செய்ய நினைக்கிற எவளோ ஒருத்தியின் பங்கைத் தட்டிப் பறிப்பது என்று ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே போட்டாள். அப்பாவை ஒரு பாட்டில் தண்ணீருக்கு வாங்கினார்கள். அவளை ஒரு 'மேடம்'முக்கு. பாட்டிலுக்காவது கடையில் காசு கொடுத்தார்கள், அதுவும் அம்மாவின் காசு.

அதோடு நின்றாளா? கம்பெனியில் கூட வேலை செய்கிற ஜெயப்ரியாவிடம், "எங்க பேர்ல ஒரு போட் எடுக்கறோம்" என்று வாயை விட்டாள். நெட்டில் இருந்த மஞ்சள் போட் படத்தை எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். கீழே 'விரைவில்' என்று எழுதினாள். லைனில் இருந்த பெண்கள் எல்லாம் பார்ட்டி கேட்டார்கள். சூப்பர்வைசர், ஒருநாளும் முகம் பார்த்துப் பேசாதவர், "ஓ, பிசினஸா?" என்றார். அந்த இரண்டு மாதமும் அவள் கொஞ்சம் உயரமாகத்தான் நடந்தாள்.

போட்டோ முடிந்தது. தெர்மாகோல் சாவியை நவீனிடமே கொடுத்தாள். அவன் அதைத் தூசி தட்டிப் பழைய இடத்தில் சாத்திவிட்டு, ஹரீஷுக்கு போட்டைக் காட்ட ஆரம்பித்தான்.

"வெளிய விசிறி கெடயாது சார். அடில தண்ணிய உறிஞ்சி பின்னாடி பீச்சி அடிக்கும், அந்த வேகத்துல ஓடறதுதான். மொழங்கால் தண்ணிலகூட போலாம். ஒண்ணே ஒண்ணு, ஓட்டறவனுக்குச் சொல்லிரணும். பயந்து ஆக்சிலேட்டரு விட்டுட்டா ஸ்டியரிங் வேலை செய்யாது. நேரா போயி இடிக்கும். திரும்பணும்னா கேஸ் குடுத்துக்கிட்டேதான் திருப்பணும்."

"யாரு ஓட்டுவாங்க?" என்றாள் மாதேஸ்வரி.

ஹரீஷ் அவள் பக்கம் திரும்பாமலே, "ரிசார்ட்ல பசங்க இருக்காங்க" என்றான்.

"டிரெய்னிங் எடுத்தவங்களா?"

"எல்லாம் ஓட்டி ஓட்டிக் கத்துப்பாங்க. டூவீலர் நீ டிரெய்னிங் எடுத்தா ஓட்டின?"

நவீன் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் கன்னடத்துக்கு மாறினார்கள். "எக்ஸ்ட்ராதெல்லா பில்லல்லே சேர்ஸித்தீனி சார்" என்றான் நவீன். எக்ஸ்ட்ரா முழுவதையும் பில்லிலேயே சேர்த்துவிட்டானாம். டிரெய்லர் என்றும், லைஃப் ஜாக்கெட் என்றும், டிரெய்னிங் கட்டணம் என்றும் பிரித்துப் போட்டால் பாங்குக்குத் தெரியாதாம், கடனிலேயே வந்துவிடுமாம், சார் கையிலிருந்து ஒன்றும் கொடுக்க வேண்டாமாம். ஹரீஷ் தலையாட்டினான். "ஹெசரு அவளது, போட் நம்மது. ஒள்ளேதாயித்து." பேர் அவளுடையது, போட் நம்முடையது, நல்லதாப்போச்சு.

ஓசூரில் கன்னடம் புரியாதவர்கள் யார்? கம்பெனி பஸ்ஸில், காய்கறிக் கடையில், கோயிலில் எல்லாம் காதில் விழுகிற பாஷை. அவளுக்குப் புரியும் என்பது ஹரீஷுக்கும் தெரியும். சின்ன வயசில் தோப்பில் அவளிடம் கன்னடத்தில் பேசி, அவள் பதில் சொல்வதைக் கேட்டுச் சிரித்தவன்தான். மறைப்பதற்காக அவன் பாஷை மாற்றவில்லை. நாற்காலி பக்கத்தில் இருக்கும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அவ்வளவுதான்.

"அந்த எக்ஸ்ட்ரா என் கடன்ல ஏறுதா?" என்று தமிழில் கேட்டாள்.

நவீன் ஹரீஷைப் பார்த்தான். ஹரீஷ் பெருமூச்சு விட்டான். "இங்க பாரு பாப்பா. தவணை கட்டறது நான். எதுல ஏறினா உனக்கென்ன? ராமப்பா, உன் பொண்ணுக்குச் சொல்லு. எங்க வீட்ல யாரையாவது ஏமாத்தியிருக்கமா?"

பாப்பா திரும்பி வந்துவிட்டாள். மேடம் போட்டோவோடு போய்விட்டாள்.

"இல்லீங்க சாமி. அப்படியெல்லாம் இல்லீங்க" என்றார் ராமப்பன். மகளைப் பார்த்து, "நீ சும்மா இரு" என்றார்.

"நான் சும்மாதாம்பா இருக்கேன். ஒரே ஒரு கேள்வி. அங்க அந்தப் பசங்க யாரையாவது ஏத்திக்கிட்டுப் போயி, பயந்து ஆக்சிலேட்டர விட்டு, இடிச்சு, ஒரு ஆள் செத்துட்டா போலீஸ் யாரு வூட்டுக்கு வரும்? பில்லுல யாரு பேரு? இவரு பேரா, என் பேரா?"

"நல்ல நாள் அதுவுமா என்னா பேச்சு பேசற!" என்றார் ராமப்பன். அவளிடம் கோபப்படுவதா, ஹரீஷிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பினார். "படிச்ச புள்ளைங்க சாமி, எதையாவது பேசிப்புடும். மனசுல வெச்சுக்காதீங்க."

ஹரீஷ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "உன் காலேஜு அட்மிசனுக்கு எங்கப்பாதான் வந்து நின்னாரு. அத நான் சொல்லிக் காட்டல. நீ கேட்டதால சொல்றேன்." சொல்லிக் காட்டவில்லை என்று சொல்லிக் காட்டினான். அதுவும் பொய் இல்லை. அவர் வந்தார். ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்பா வெளியே நின்றார். அன்றைக்கும் அவளுக்கு அந்தப் பெரிய மனிதர் கூட வந்திருப்பது பெருமையாக இருந்தது. வெளியே நிற்கிறவர் தன் அப்பா என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லவில்லை.

நவீன் கடிகாரத்தைப் பார்த்தான். "சார், நேரம் போவுது. பாங்க்ல மூணு மணிக்குள்ள ரிலீஸ் பண்ணிட்டா இன்னிக்கே எடுத்துப்போலாம். இல்லன்னா சொல்லிருங்க, பெங்களூரு பார்ட்டி ரெண்டு பேரு போன்மேல போனு போடறாங்க. அடுத்த லோடு எப்ப வரும்னு கம்பெனிக்கே தெரியல. இது போச்சுன்னா அடுத்த சீசனுக்கும் சந்தேகம்தான்."

"பூஜைய முடிச்சுருவோம் மொதல்ல" என்றான் ஹரீஷ்.

டிரெய்லரை இரண்டு பேர் தள்ளி வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். வெயில் போட்டின் மேல் விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. ராமப்பன் சட்டைப் பையிலிருந்து கற்பூரம் எடுத்தார். பூசணிக்காயின் தலையில் ஓட்டை போட்டுக் குங்குமமும் சில்லறையும் போட்டார். பெரிய வீட்டில் டிராக்டர் வாங்கினாலும், கார் வாங்கினாலும், போர்வெல் போட்டாலும் திருஷ்டி சுற்றுவது அவர்தான். அவர் கை ராசி என்பார்கள். அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு. மற்ற வேலைகளில் கூனிக் குறுகி நிற்கிற மனிதர், பூசணிக்காயைத் தூக்கிவிட்டால் மட்டும் சாமி வந்தவர் மாதிரி நிமிர்ந்துவிடுவார். அப்போது அவர் சொல்கிற இடத்தில்தான் எல்லோரும் நிற்க வேண்டும்.

"ஓனரு முன்னாடி வந்து நில்லுங்க" என்றார்.

மாதேஸ்வரி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

யோசித்து வைத்த அடி இல்லை. பில்லில் அவள் பேர் இருந்தது, போட்டோவில் அவள் முகம் இருந்தது, கூப்பிட்டது அப்பா. கால் தானாக வந்தது. ராமப்பன் அவளைப் பார்த்தார். திட்டவில்லை. குழந்தை தெரியாமல் பந்தியில் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் கையைப் பிடித்து எழுப்புவார்களே, அந்த மாதிரி அவள் தோளைத் தொட்டு, மெதுவாக ஓரம் நகர்த்தினார். "நீ அந்தாண்ட நில்லு கண்ணு." பிறகு ஹரீஷைப் பார்த்து, "வாங்க சாமி" என்றார்.

ஹரீஷ் போட் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான். அப்பா பூசணிக்காயை அவனுக்கும் போட்டுக்கும் சேர்த்துச் சுற்றினார். வலது பக்கம், இடது பக்கம், மேலே, கீழே. ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு என்று முணுமுணுத்தார். கற்பூரம் எரிந்தது. அவளுக்கும் போட்டுக்கும் நடுவே அப்பாவின் முதுகு இருந்தது. வியர்வையில் சட்டை ஒட்டி எலும்பு தெரிந்தது. அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், பரீட்சை வந்தாலும், கைப்பிடி உப்பை எடுத்து இப்படியே உருகி உருகிச் சுற்றிப் போடுகிற கைதான் அது. அதில் கள்ளம் இல்லை. இப்போதும் இல்லை. யாருக்குக் கண் படும் என்று அவருக்குத் தோன்றியதோ அவனுக்குச் சுற்றினார். பெற்ற மகள் மேல் கண் வைக்க அங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காய் சிமெண்ட் தரையில் விழுந்து சிதறியது. நவீன் கைதட்டினான்.

அந்தச் சத்தத்திலேயே அவளுக்குள் ஒன்று முடிந்துவிட்டது. தான் இத்தனை நேரம் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. வெட்கம். சாவி கேட்டதுகூட நியாயத்துக்காக இல்லை என்று இப்போது தெரிந்தது. அந்தத் தக்கைச் சாவியை ஒரு தடவை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும், அதை ஜெயப்ரியா ஸ்டேட்டஸில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கேட்டாள். கொடுத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். மாசத் தொகையும் வாங்கியிருப்பாள்.

பைக்குள் மொபைல் அதிர்ந்தது. நவீன் காத்திருந்தவன் மாதிரி ஓடி வந்தான். "வந்துச்சா மேடம்? பாங்க்லேருந்து ஓடிபி. அதச் சொன்னீங்கன்னா பணம் ரிலீஸ் ஆயிரும், வேற ஒண்ணும் வேலை இல்ல."

எடுத்துப் பார்த்தாள். ஆறு எண். கீழே 'யாரிடமும் பகிர வேண்டாம்' என்று இருந்தது.

"சொல்லு பாப்பா" என்றான் ஹரீஷ். நெற்றியில் குங்குமம் வழிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே மறு கையை நீட்டினான். "இல்ல, போன இப்படிக் குடு."

அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"எனக்கு இந்தக் கடன் வேணாம். போட்டும் வேணாம். பேரும் வேணாம்."

ஹரீஷ் முகத்தில் சிரிப்பு போக நேரம் பிடித்தது. "ராமப்பா" என்றான். அப்படி ஒற்றை வார்த்தையில் கூப்பிடுவதற்குத் தோப்பில் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ராமப்பன் ஓடி வந்தார். கையெல்லாம் பூசணி விதையும் குங்குமமும். அவளைத் தொட வந்து, புது சுடிதார் கறையாகிவிடும் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கண்ணு, சொல்லிடு கண்ணு. வூட்டுக்குப் போயி என்னய எது வேணா கேளு. இப்ப சொல்லிடு."

"மாட்டேம்பா."

"நீ போயிருவ. ஓசூர்ல ஆஸ்டல்ல போயி இருந்துக்குவ. உங்கம்மா எங்க போவா? இந்த வயசுல நான் எவன் தோப்புக்குப் போறது?" மெதுவாகத்தான் கேட்டார். இந்த ஒரு கேள்வி மட்டும் ஹரீஷுக்காகக் கேட்டது இல்லை.

கம்பெனி காண்ட்ராக்ட் எப்போது முடியும் என்று தெரியாது. ஓசூரில் வீட்டு வாடகைக்கு முன்பணம் கேட்பதைக் கேட்டாலே தலை சுற்றும். கல்யாணம் ஆனதிலிருந்து அம்மா அந்தப் பம்ப்செட் தண்ணீரை விட்டு வேறு தண்ணீர் குடித்ததில்லை. எல்லாம் தெரிந்தேதான் மாட்டேன் என்றாள். கையெழுத்துப் போட்டபோதும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"என் கூட வரியாப்பா?"

ராமப்பன் வாயைத் திறந்தார். பிறகு திரும்பி ஹரீஷைப் பார்த்தார். மகளுக்குப் பதில் சொல்லலாமா என்று உத்தரவு கேட்கிற மாதிரி. அவருக்கே அது தெரிந்திருக்காது. கழுத்து தானாகத் திரும்பியது. சற்று முன்னால் அவள் கால் தானாக நகர்ந்தது போலவே.

ஹரீஷ் போனில் யாரையோ கூப்பிட ஆரம்பித்திருந்தான். நவீன் பெங்களூரு பார்ட்டியின் நம்பரைத் தேடிக்கொண்டே, "மேடம், யோசிச்சு செய்ங்க, இந்த மாதிரி பீஸு திரும்பக் கெடைக்காது" என்றான். வியாபாரி என்ற முறையில் அது அவன் மனசாரச் சொன்னதுதான்.

மாதேஸ்வரி நடந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்ற பயத்தில் வேகமாக நடந்தாள், வேகமாக நடப்பது ஓடுவது மாதிரி தெரியுமோ என்று பிறகு மெதுவாக நடந்தாள். பின்னால் அப்பா ஒரு தடவை கூப்பிட்டார். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. ஷோரூமுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வண்டிகள் நிற்கிற பெரிய சிமெண்ட் தரை. வெயிலில் அது முடியவே முடியாதுபோல நீண்டு கிடந்தது. அந்தக் கடைசியில் கேட்டுக்குப் பதில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு சங்கிலி கட்டி, பக்கத்தில் குடை நிழலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். பீகாரோ ஒடிசாவோ, நரைத்த மீசை. உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பூசணிக்காய் உடைந்தது தெரியும். சுடிதார் போட்டு, கழுத்தில் ஷோரூம்காரர்கள் போட்ட மாலையோடு ஒரு பெண் வருவது தெரியும். மாலை இன்னும் கழுத்தில் கிடப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவர் அவசரமாக எழுந்து தொப்பியைச் சரிசெய்து சல்யூட் அடித்தார். "வாள்த்துகள் மேடம்!" என்றார், யாரோ கற்றுக்கொடுத்த தமிழில், பல்லெல்லாம் தெரிய. இரண்டு கையாலும் சங்கிலியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

அவள் மாலையைக் கழற்றியபடியே அதன் கீழே நடந்து, ரோட்டுக்கு வந்து, கிருஷ்ணகிரி பஸ் வருகிற பக்கமாகத் திரும்பினாள்.

காவலாளி சங்கிலியை இறக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வரப்போகிற போட் வண்டிக்காக, கை வலிக்க வலிக்க, உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.